இரண்டரை மணிக்கு மறைந்த மரத்தட்டுகள்

அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு நிலைமை பின்வருமாறு இருந்தது.

பேக்கரியின் பின்முற்றத்தில் பத்து மரத்தட்டுகள் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான்கு டன் விறகு அங்கே வந்து இறங்கவிருந்தது. ஞாயிறு முதல் தொடர்ந்து ஐந்து நாள்கள் மழை பெய்யும் என்று வானொலி இருமுறை அறிவித்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் பேக்கரிக்காரர் விறகை வெறும் மண்ணில் அடுக்கினார். அடிவரிசை ஊறியது, அடுப்பு புகைந்தது, மாணவியர் விடுதிக்குப் போன முந்நூறு ரொட்டிகளும் தீயணைப்பு வண்டி வந்து போன வீட்டைப் போல மணந்தன. விடுதிக் காப்பாளர் அப்போது சொன்னது ஒரே வாக்கியம்: இன்னொரு முறை இப்படி வந்தால் ரொட்டி வேறு இடத்திலிருந்து வரும். அந்த முந்நூறு ரொட்டிகள் நின்றுவிட்டால், அடுப்பை மூட்டுவதற்கே காரணம் இருக்காது.

விறகு தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். அதன் அடியில் காற்று ஓட வேண்டும். இதற்கு மரத்தட்டைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. மரத்தட்டு என்பது, கிடங்குகளில் சரக்கை அடுக்கிவைத்து, தூக்குவண்டியின் இரண்டு நாக்குகளை அடியில் நுழைத்துத் தூக்குவதற்காக, பலகைகளை இடைவெளி விட்டு அறைந்து செய்த தாழ்ந்த மேடை. கிடங்குக்காரர்கள் பேலட் என்பார்கள். சரக்கு இறங்கியபின் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, இலவசமாகவே கிடைக்கும்.

கிடைத்திருக்க வேண்டும். மூன்று தெரு தள்ளியிருந்த டைல்ஸ் கடைக்குச் செவ்வாயும் வியாழனும் லாரி வரும். வெறுமையான தட்டுகளை இரண்டு மணிக்கு வாசலில் சாய்த்துவைத்து, 'இலவசம். வேண்டியவர் எடுத்துச் செல்லலாம்' என்ற பலகையையும் நிறுத்துவார்கள். பேக்கரிக்காரர் இரவெல்லாம் அடுப்போடு நிற்பவர். பகல் பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர். ஐந்தேகாலுக்கு அவர் போய்ப் பார்க்கும்போது பலகை மட்டும் நிற்கும். மூன்று வாரங்களாக, ஆறு முறை, பலகை மட்டுமே நின்றது.

இந்த மர்மத்தைத் துலக்குவதற்காகவே முத்திரையம்மாள் அன்று பின்முற்றத்துக்கு மூன்றாம் முறையாக வந்திருந்தார்.

முத்திரையம்மாள் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அன்று. சரக்குக் கிடங்கொன்றில் முப்பத்தோராண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர்; முத்திரையைப் பாராமல் ஒரு பெட்டியையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தில் காணாமற்போனவற்றைக் கண்டுபிடித்துத் தருகிறார். உதவியாளர், அவருடைய கணவரின் தம்பி, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், வயது ஐம்பத்தொன்பது. எல்லாரும் அவரை ரைட்டு என்றே அழைத்தனர். அவர் நகைச்சுவை என்று எண்ணிச் சொல்வன அனைத்தையும் இங்கே பதிவு செய்ய இயலாது; தேவையும் இல்லை.

"உக்காருங்கம்மா," என்றார் பேக்கரிக்காரரின் மனைவி. "ஐயோ, அந்த நாற்காலி வேணாம். இந்தப் பெஞ்சுலயே உக்காருங்க."

மூன்று முறையும் இதே வற்புறுத்தல். மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பு போர்த்திய அந்தத் தாழ்ந்த பெஞ்சில் முத்திரையம்மாள் முதுகை வளைக்காமல் அமர்ந்தார். ரைட்டு பக்கத்தில் அமர்ந்து ஒரு பன்னைக் கையில் எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் தூங்கறாரா?"

"தூங்கறார்மா. இடி விழுந்தாலும் தெரியாது. மாவு பிசையற மிஷின் நின்னாத்தான் முழிப்பார்."

"அதென்ன?"

"ராத்திரி மாவு பிசையும்போது பக்கத்துலயே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். மிஷின் நின்னா மாவு ஆச்சுன்னு அர்த்தம். தூக்கிவாரிப் போட்டு எழுந்துடுவார். இருபது வருஷப் பழக்கம். அதனால மத்தியானமும் அதை ஓட விட்டு, அஞ்சு மணிக்கு நிறுத்துவேன். வேற அலாரம் எதுவும் இவர்கிட்ட பலிக்காது."

"எங்க டிரைவர் ஒருத்தரும் இப்படித்தான்," என்றார் ரைட்டு. "எஞ்சின் ஓடினாத்தான் தூக்கம் வரும். என்ன, அப்போ வண்டிய அவர்தான் ஓட்டிக்கிட்டு இருப்பார்."

முத்திரையம்மாள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு நாங்க வந்தப்பவே மிஷின் ஓடிச்சு. எட்டிப் பாத்தேன். உள்ள மாவு இல்லை. அஞ்சு மணிக்கு எழுப்பணும்னா அஞ்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போட்டாப் போதுமே?"

மனைவி அவரைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அச்சம் இல்லை; ஏதோ ஓர் ஆவல் இருந்தது.

"அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்றார். பிறகு ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். "பாத்திரம் வெளக்கச் சாம்பல் வேணும்னு உங்க கொழுந்தனார் கேட்டாரே. பாத்து எடுங்க, ஆணி கெடக்கும்."

ரைட்டு வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கைப்பிடி ஆணி. எல்லாம் திருகு விழுந்தவை. முத்திரையம்மாள் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"விறகுல ஆணியா? எந்த மரம்மா ஆணி காய்க்குது?"

"அதையும் நான் எப்படிங்க சொல்றது?"

முத்திரையம்மாள் அடுப்பின் வாய்க்கருகே சென்றார். தீ மூட்டுவதற்கான சுள்ளிகள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரே அகலம், ஒரே கனம், ஒரே நீளம். மரங்கள் இத்தகைய ஒழுங்கோடு வளர்வதை அவர் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

"இந்தச் சுள்ளி எங்கேருந்து வருது?"

"விறகுக் கடைக்காரர் கொசுறாப் போடறார்னு இவர் நெனச்சுக்கிட்டு இருக்கார்மா."

"நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

அப்போது மாடிப்படிக்குக் கீழிருந்து செருப்புச் சத்தம் கேட்டு, வாசற்பக்கமாகத் தேய்ந்து மறைந்தது. மனைவி குரலைத் தாழ்த்தினார். "எங்க அப்பா. மத்தியானம் நடக்கப் போவார். இங்க வந்து பதினொரு மாசம் ஆச்சு. வந்த அன்னிக்கே பன்னுல உப்பு கம்மின்னு சொன்னார். இவர், 'வயசானா நாக்கு அப்படித்தான்'னு சொல்லிட்டார். அன்னியிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. எது சொன்னாலும் என் வழியாத்தான். இவர் ஓசித் தட்டு தேடறது அப்பா காதுக்குப் போகக் கூடாதும்மா. சத்தியமே வாங்கியிருக்கார்."

"எங்ககிட்டேருந்து போகாது," என்றார் முத்திரையம்மாள். "தம்பி, எழுந்திருங்க. பன்னைக் கையில எடுத்துக்கலாம்."

*

டைல்ஸ் கடையின் கிடங்குப் பொறுப்பாளர் தொப்பையின்மேல் அளவுநாடா தொங்க நின்றிருந்தார். அன்றைய லாரி போய்விட்டது. வாசலில் ஆறு தட்டுகள் சாய்ந்திருந்தன: நான்கு வெறும் மரம், இரண்டு நீல வண்ணம் பூசியவை.

"நீலம் வாடகைக்கு விடற கம்பெனியோடது. திருப்பிக் கொடுக்கணும்," என்றார் அவர். "வெளியில வைக்கறப்போ நானே சில நாள் மறந்து சேத்து வச்சிடுவேன். ஆனா எடுக்கற ஆளு நீலத்தைத் தொட்டதே இல்லை."

"எடுக்கறவரை நீங்க பாத்ததுண்டா?"

"ரெண்டேகால்லேருந்து மூணு வரைக்கும் எனக்குச் சாப்பாட்டு நேரம்மா. உள்ள இருப்பேன். ஆனா அவரு எழுதி வச்சுட்டுப் போவாரு."

"என்னது?"

பொறுப்பாளர் சட்டைப்பையிலிருந்து ஆறு காகிதத் துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றும் பலகைக்கு அடியில், ஒரு கல்லின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. முத்திரையம்மாள் ஒன்றைப் படித்தார்: 'நாள் 8.10. நேரம் பி.ப. 2.31. மரத்தட்டு நான்கு. ஒன்றில் ஒரு பலகை விரிசல். மற்றவை நல்ல நிலை. பெற்றுக்கொண்டேன்.' அடியில் புழு நெளிந்தது போன்ற ஒரு கையொப்பம்.

"அண்ணி," என்றார் ரைட்டு, "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். காசு கொடுத்தவனே டிக்கெட்டை மறந்துட்டு எறங்கிடுவான். இங்க ஒருத்தர் திருடிட்டு ரசீது கொடுக்கறாரு!"

"இலவசம்னு எழுதி வச்சதை எடுத்தாத் திருட்டு இல்லை, தம்பி. வார்த்தைய அளந்து பேசுங்க."

"சரி. ஓசியில வாங்கினதுக்கு ரசீது கொடுக்கறாரு. இன்னும் மோசம்."

"யோசிங்க. நேரத்தை நிமிஷக் கணக்குல எழுதறார். பொருளோட நெலமைய எழுதறார். அடுத்தவங்க பொருளைத் தொட மாட்டேங்கறார். கையெழுத்து இல்லாம ஒரு பொருள் கை மாறினா அவருக்குச் சோறு எறங்காது. என்ன வேலை பாத்திருப்பார்?"

"வக்கீல்."

"வக்கீல் நாலு வரியோட நிறுத்த மாட்டார். தபால்காரர்."

ரைட்டு பன்னை மென்றபடியே சற்று நேரம் அண்ணியை மரியாதையோடு பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். இரண்டு ஐந்து.

ஒளிந்துகொள்வதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கடையின் கண்ணாடி முகப்பில் மாதிரிக்காக ஒரு குளியலறை அமைக்கப்பட்டிருந்தது: பளிங்கு நிறத் தரை, தொட்டி, கைகழுவும் பேசின், மூடியிட்ட ஒரு வெள்ளைக் கழிப்பீடம். வாசலை அங்கிருந்துதான் தெளிவாகப் பார்க்க முடியும். முத்திரையம்மாள் தொட்டியின் விளிம்பில் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து அமர்ந்தார். ரைட்டுக்கு எஞ்சியிருந்த இருக்கை ஒன்றே.

"அண்ணி, ரோட்டுல போறவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க."

"செய்தித்தாளை முகத்துக்கு நேராப் பிடிங்க."

"அது இன்னும் இயற்கையா இருக்குமே!"

இரண்டு இருபதுக்கு ஒரு தம்பதியர் கடைக்குள் வந்தனர். கணவர் ரைட்டின் அருகே குனிந்து, "சார், இது தண்ணிய நல்லா இழுக்குமா?" என்று வினவினார்.

"இன்னும் தெரியலைங்க," என்றார் ரைட்டு. "இப்பத்தான் உக்காந்தேன்."

அதற்கு அடுத்து அவர் சொன்னதைப் பதிவு செய்ய இயலாத காரணங்கள் உண்டு.

சரியாக இரண்டு இருபத்தொன்பதுக்கு ஒரு சக்கரம் கீச்சிடும் சத்தம் கேட்டது. மெலிந்து உயர்ந்த ஒரு பெரியவர். காக்கிச் சட்டையை மேல்பொத்தான் வரை பூட்டியிருந்தார். முன்னால் ஒரு தள்ளுவண்டி. ஒவ்வொரு தட்டையும் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். நீலம் இரண்டையும் நகர்த்தி, காலில் இடறாதவாறு சுவரோரம் வைத்தார். நான்கை வண்டியில் ஏற்றினார். காகிதத்தை எழுதிக் கல்லுக்கு அடியில் வைத்தார். சற்றே சாய்ந்திருந்த இலவசப் பலகையை நிமிர்த்தி, இரண்டடி பின்னால் போய்ச் சரிபார்த்தார்.

"நல்ல ஒழுங்கு," என்று முத்திரையம்மாளின் வாயிலிருந்து தம்மையறியாமல் வந்தது.

"அண்ணி, நாம பிடிக்க வந்திருக்கோம். சம்பந்தம் பேச இல்லை."

*

பின்தொடர்வது எளிதாக இல்லை. அந்தப் பெரியவர் பெருந்தெருவைப் பயன்படுத்தவே இல்லை. சலவைக்கடைக்கும் பள்ளிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதன் முடிவில், வீடு என்று நினைத்த இடத்தில் ஒரு வழி. அதைக் கடந்தால் மற்றொரு சந்து. வழியில் இருந்த வீடுகளின் தபால்பெட்டி மூடி திறந்திருந்தால் நடையை நிறுத்தாமலே ஒரு விரலால் மூடிவிட்டுச் சென்றார். நாய்கள் அவரைக் கண்டு வாலாட்டின. ரைட்டைக் கண்டு குரைத்தன.

"பேன்ட்டுக்குள்ள பன் இருக்கறது தெரிஞ்சுபோச்சு," என்று அவர் மூச்சிரைத்தார். "அண்ணி, இந்த ரூட்டுக்கு எக்ஸ்பிரஸ் கிடையாதா?"

மூன்று சந்துகள் கூடும் இடத்தில் பெரியவரைக் காணவில்லை. கீச்சொலியும் இல்லை.

"விட்டுட்டோம்," என்றார் ரைட்டு.

"கீழே பாருங்க."

தரையில், இரண்டடிக்கு ஒன்றாக, வெள்ளைப் புள்ளிகள். முத்திரையம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார். மைதா மாவு. வண்டியின் ஒரு சக்கரத்தில் பழைய மாவு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது உதிர்ந்திருக்கிறது.

"தபால்காரர், மாவு மூட்டை இழுக்கற வண்டி," என்றார் மெல்ல. பையிலிருந்து அந்தத் திருகு விழுந்த ஆணியை எடுத்துப் பார்த்தார். சாம்பலில் ஆணி, அளந்தாற்போன்ற சுள்ளி, வெறுமனே ஓடும் மிஷின். அவருடைய முகம் மாறியது. தாம் அதுவரை கேட்காத ஒரு கேள்வி நினைவுக்கு வந்ததால் ஏற்பட்ட மாற்றம் அது.

புள்ளிகள் ஒரு பச்சைக் கதவில் முடிந்தன. கதவுக்குப் பின்னால் ஒரு மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலின் அடியில், கூர்ந்து கேட்டால், ரம்பத்தின் சத்தம்.

"இது யார் வீடு அண்ணி?"

"நாம இதுவரைக்கும் முன்வாசல் வழியா மட்டும்தான் வந்திருக்கோம், தம்பி."

கதவைத் தட்டினார். திறந்தவர் பேக்கரிக்காரரின் மனைவி.

அவர் திடுக்கிடவில்லை. சுவர்க் கடிகாரத்தை நோக்கினார். "ரெண்டு அம்பத்தெட்டு. அப்பாடா! உங்களை மூணு தடவை வரவழைச்சேன். இன்னிக்காவது சரியான வாசலுக்கு வந்தீங்களே."

*

அது பழைய மாவுக் கிடங்கு. ஒருபுறம் பேக்கரியின் முற்றம், மறுபுறம் பின்சந்து. உள்ளே, காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பெரியவர் பாதி அறுந்த ஒரு தட்டின்மேல் ரம்பத்தை வைத்திருந்தார். பக்கத்தில் அறுபடாத தட்டுகள்: பழையவை ஐந்து, அன்றையவை நான்கு.

"அம்மாடி, யார் இவங்க?"

"ரம்பத்தை எடுங்க!" என்றார் முத்திரையம்மாள், கிடங்கில் முப்பதுபேரை நிறுத்திய குரலில். ரம்பம் நின்றது. பிறகு அவர் முற்றத்தைக் கடந்து சென்று மிஷினை நிறுத்தினார்.

உறுமல் அடங்கியது.

மாடியில் ஏதோ விழுந்தது. படிகளில் ஒற்றைச் செருப்பின் ஓசை. "மாவு ஆச்சா?" என்று கத்திக்கொண்டே பேக்கரிக்காரர் வந்து நின்றார். கண்கள் பாதிதான் திறந்திருந்தன. மாமனாரைக் கண்டதும் முழுவதும் திறந்தன. மாமனாரின் கையில் ரம்பம், காலடியில் மரத்தட்டு.

மருமகன் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாகிட்டக் கேளு, இது என்னன்னு."

மாமனாரும் மகளின் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. பதினொரு மாசமாச் சும்மா உக்காந்து சாப்பிடறேன். எதாவது செய்யணும்னு தோணிச்சு. தினம் அடுப்பு மூட்டற சுள்ளி நான் அறுத்தது. தெருவுல கெடந்ததை எடுத்தேன்னு அவருக்குத் தெரிய வேணாம்னுதான் ஒளிச்சேன்."

"உங்க அப்பாகிட்டச் சொல்லு. மூணு வாரமா அந்தத் தட்டுக்காகத்தான் நான் தூக்கத்தோட தெருத்தெருவா ஓடறேன்! சனிக்கிழமை விறகு வருது. கீழே வைக்கத் தட்டு இல்லேன்னா அடுப்பே போச்சு!"

"தட்டு வேணும்னு அவர் என்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு கேளு."

"எப்படிச் சொல்றதாம்னு கேளு!"

"நடுவுல இவங்க ஒரு ஸ்டாப்பிங்," என்றார் ரைட்டு. "ரெண்டு பஸ்ஸும் நிக்குது. ஏறத்தான் ஆளில்லை."

முத்திரையம்மாள் மனைவியை மட்டுமே நோக்கிக்கொண்டிருந்தார். "உங்க அப்பா என்ன வேலை பாத்தார்னு நான் கேக்கவே இல்லை. உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்மா. செப்டம்பர் இருபத்தாறு. மத்தியானம் அப்பா வந்தார், 'மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னார். பண்ணினேன். சாயங்காலம் இவர் வந்தார், 'உங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னார். அதுவும் பண்ணினேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது, ரெண்டு பேரும் ஒரே தட்டைப் பத்திப் பேசறாங்கன்னு. அதுக்கப்புறம் வாயத் தெறந்தா ரெண்டுல ஒருத்தர்கிட்டச் சொன்ன வாக்கு போச்சு."

"அதனால என்னைக் கூப்பிட்டீங்க."

"சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம். ஆள் வச்சுக் கண்டுபிடிக்க மாட்டேன்னு யாரும் கேக்கலையே? ஆணியக் காட்டினேன். சுள்ளியக் காட்டினேன். மிஷின வெறுமனே ஓட்டினேன். இவருக்கு ரம்பச் சத்தம் கேக்கக் கூடாது. உங்களுக்கு மிஷின் சத்தம் கேக்கணும். என் பாடு எனக்குத்தான் தெரியும்!"

பேக்கரிக்காரர் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, இன்னொரு முறை எண்ணினார். "ஒம்பது. பத்து வேணும். ஒரு தட்டு அளவு விறகு மண்ணுல நிக்கும். ஒண்ணு நனைஞ்சா மத்ததும் ஈரம் இழுத்துடும்." அடுத்த லாரி செவ்வாய்க்கிழமை. மழை ஞாயிற்றுக்கிழமை.

மனைவி தொண்டையைச் செருமினார்.

"சத்தியம்தான் முடிஞ்சுபோச்சே. இப்பச் சொல்லலாம்," என்றார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணு தடவையும் உங்களை அது மேலயேதான் உக்கார வச்சேன்."

எல்லாரும் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தனர். ரைட்டு சென்று பெஞ்சின் விரிப்பைத் தூக்கினார். நான்கு கட்டைக் கால்களின்மேல் பழுதற்ற ஒரு மரத்தட்டு. பக்கவாட்டுக் கட்டையில், சூடேற்றிப் பதப்படுத்தியதற்கான முத்திரை, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கொட்டை கொட்டையாகப் பதிந்திருந்தது.

"எனக்கு உக்காரச் சொந்தமா ஒரு எடம் வேணும்னு செஞ்சேன்," என்றார் பெரியவர். "கால் நாலும் ஆணியிலதான் நிக்குது. கழட்டிடலாம்."

முத்திரையம்மாள் அந்த முத்திரையை நீண்ட நேரம் பார்த்தார். ரைட்டு வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க," என்றார் அவர்.

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணி. ஒரே ஒரு சந்தேகம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு பெட்டிகூட..."

"தம்பி."

"ரைட். ரைட்."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நின்றவாறே எழுதினார். பழக்கம் அவரை விடவில்லை. நாள், நேரம், மரத்தட்டு பத்து, ஒன்றில் ஒரு பலகை விரிசல். எழுதி, மகளிடம் நீட்டினார். "வாங்கினதுக்கு அவர்கிட்டக் கையெழுத்து வாங்கு."

மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் எப்படிப்பா வாங்கறது? உரியவர் கையிலதான் கொடுக்கணும், நடுவுல யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதுன்னு தபால்ல இருந்த நாப்பது வருஷமும் சொன்னது யாரு?"

பெரியவர் காகிதத்தைப் பார்த்தார். கொடுக்காமலும் இருக்க முடியாது. கையொப்பம் பெறாமலும் இருக்க முடியாது. மேல்பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றடி நடந்தார். பதினொரு மாதங்களில் அந்த மூன்றடியை அவர் ஒருமுறையும் நடந்ததில்லை.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மாப்பிள்ளை."

பேக்கரிக்காரர் பேனாவை வாங்கினார். கையொப்பமிட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றார்.

"சுள்ளி நல்லாப் பத்திக்குது, மாமா," என்றார். "யாரு அறுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"பேனா," என்றார் மாமனார். ஆனால் கையை நீட்டவில்லை.

*

அன்று பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு முடிவானவை இவை.

பத்துத் தட்டுகளும் வெள்ளிக்கிழமை மாலைக்குள், முற்றத்துச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு வரிசையாகப் பரப்பப்படும். விரிசல் கண்ட தட்டு ஓரத்தில், பாரம் குறைந்த இடத்தில் வைக்கப்படும். விறகை அடுக்கும் பொறுப்பு மாமனாருடையது. அவர் அடுக்கியதை மருமகன் கலைத்து அடுக்கக் கூடாது. இனிமேல் உடைந்த தட்டுகள் மட்டுமே சுள்ளியாகும். மாமனார் உட்காரக் கடையிலிருந்து ஒரு நாற்காலி முற்றத்துக்கு வரும். மிஷின் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னர் மட்டுமே ஓடும். பேக்கரிக்காரரின் மனைவி இனி யாருக்கும் எதற்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை.

முத்திரையம்மாளுக்கு ஊதியமாகப் பேசியிருந்தது வாரம் ஒரு ரொட்டி. பெஞ்சைப் பார்க்கத் தவறியதன் பொருட்டு, முதல் வார ரொட்டியை அவர் தாமாகவே மறுத்துவிட்டார். அதை ரைட்டு பெற்றுக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.

பன்னின் உப்பைக் குறித்து முடிவு எதுவும் எட்டப்படவில்லை. அது பற்றி இருவரும் நேரில் பேசிக்கொள்வதென்று மட்டும் தீர்மானிக்கப்பட்டது.